கடைத்தெருவின் தண்ணீர் இருப்பு எவ்வளவு?



நம்மில் யாரை நடுராத்திரியில் எழுப்பி, "துவரம்பருப்பு எத்தனை மூடை இருப்பு?" என்று கேட்டாலும் தூக்கக் கலக்கத்திலேயே சரியாகச் சொல்லிவிடுவோம். சீனி எவ்வளவு, மல்லி எவ்வளவு, எந்த லாரியில் என்ன சரக்கு வந்து கொண்டிருக்கிறது என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால், "உங்கள் தெருவில் தீயை அணைக்கத் தண்ணீர் எவ்வளவு இருப்பு?" என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? நானும் பதில் தெரியாமல்தான் இருந்தேன். அந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்ற ஓர் இரவைப் பற்றியும், அதன்பின் நான் தெரிந்து கொண்டவற்றைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன்.

அந்த இரவு

2009-ம் ஆண்டு, சித்திரை மாதம். புது வத்தல் வரத்து மும்முரமாக இருந்த நேரம். கிட்டங்கி நிறைந்து, நடைபாதையிலும் மூடை அடுக்கியிருந்தோம். ஒரு நாள் இரவு கடையை அடைத்துவிட்டு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். எங்கள் வரிசையில் இருந்த சாக்குக் கடையில் தீப்பிடித்துவிட்டது என்று பையன் ஓடி வந்து சொன்னான். கை கழுவாமல் ஓடினேன்.

தீயணைப்பு வண்டி தாமதம் செய்யவில்லை. நான் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் மணி அடித்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு குழாய்களைப் பிரித்து வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். தீ அடங்கத் தொடங்கியது. எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. ஆனால் ஐந்தாறு நிமிடம்தான். குழாயில் வேகம் குறைந்து, பிறகு சொட்டு நின்றுவிட்டது. நிலைய அலுவலர் கூட்டத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, பக்கத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

ஐம்பது வியாபாரிகள் நின்றோம். ஒருவருக்கும் வாயில் பதில் வரவில்லை. குளம் வறண்டு கிடந்தது. கோயில் கிணற்றில் வாளி எட்டாத ஆழத்தில் தண்ணீர். "ஊருக்கு வெளியே போனால்தான் உண்டு" என்று யாரோ சொன்னார்கள். வண்டி தண்ணீர் எடுக்கப் போனது. இருந்த வீரர்கள் வெறும் குழாயோடு நின்றார்கள். அந்த இடைவெளியில் தீ மறுபடி எழுந்து பக்கத்துப் பலசரக்குக் கடையின் கூரைக்குத் தாவியது. அடுத்த ஊர் வண்டி வந்து சேர்ந்தபோது முதல் வண்டி வந்து சரியாக அரை மணி நேரம் ஆகியிருந்தது. பலசரக்குக் கடையில் அதற்குமேல் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் காலை எல்லோரும் சேர்ந்து, "தண்ணீர் இல்லாத வண்டியை அனுப்பிவிட்டார்கள்" என்று பேசினோம். மனு எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிட்டங்கியைத் திறந்தேன். அப்போதுதான் நெஞ்சில் அடித்தது போல நினைவு வந்தது. என் கிட்டங்கியின் தரைக்குக் கீழே சம்ப் தொட்டி இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஆறடி ஆழம். ஏறக்குறைய 20,000 லிட்டர். முதல் நாள்தான் லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பியிருந்தோம். அதன் மூடிக்கு மேல் அறுபது வத்தல் மூடை அடுக்கியிருந்தது. எரிந்த கடையிலிருந்து நூறடி தூரம்கூட இல்லை. அலுவலர் கேட்டபோது அது என் நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் அறுபது மூடையை அந்த நேரத்தில் யார் இறக்குவது?

கணக்குப் பார்த்தேன்

சில மாதம் கழித்துத் தீயணைப்பு நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரிடம் உட்கார்ந்து பேசினேன். நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன் தண்ணீர் இல்லாமல் வந்தீர்கள்?" என்பதுதான். அவர் கோபப்படவில்லை. காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு என்றால் நமக்குப் புரியும் அல்லவா?

நம் ஊர்களில் சாதாரணமாக வரும் தீயணைப்பு வண்டியின் தொட்டி 4,500 லிட்டர். வண்டிக்கு வண்டி கூடக் குறைய இருக்கலாம். ஒரு குழாய் அதன் முனையின் அளவைப் பொறுத்து நிமிடத்திற்கு 300 முதல் 500 லிட்டர் வரை பீய்ச்சும். சராசரி 400 என்று வைத்துக்கொண்டால் இரண்டு குழாய்க்கு 800 லிட்டர். 4,500-ஐ 800-ஆல் வகுத்தால் ஐந்தரை நிமிடம். வண்டி நிறைந்துதான் வந்திருக்கிறது. அதன் இருப்பு ஐந்தரை நிமிடத்திற்குத்தான். நாங்கள் போட்ட மனு தவறு.

பிறகு என் தொட்டிக்குக் கணக்குப் போட்டோம். உறிஞ்சு குழாயின் முனை தண்ணீருக்குள் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றை இழுத்துவிடும். ஆகவே அடியில் கொஞ்சம் நின்றுபோகும். எடுக்கக்கூடியது 18,000 லிட்டர் என்று வைத்தால் 800 வீதம் இருபத்திரண்டரை நிமிடம். முதல் வண்டித் தண்ணீர் தீர்ந்ததற்கும் இரண்டாம் வண்டி வந்ததற்கும் நடுவே இருந்த இடைவெளி ஏறக்குறைய இருபத்து நான்கு நிமிடம். வரவும் செலவும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்திய கணக்கை என் பேரேட்டில் நான் பார்த்ததில்லை.

பலசரக்குக் கடைக்காரர் என்னைவிட மூத்தவர். அந்தக் கடையை அவர் திரும்பத் திறக்கவில்லை. மகனோடு திருப்பூர் போய்விட்டார். என் தொட்டியைப் பற்றி அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வண்டி வந்தால் போதாது

ஆகவே நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். தீயணைப்பு வண்டி கொண்டு வருவது முதல் தண்ணீர் மட்டுமே. கடைத்தெருவைக் காப்பாற்றுவது இரண்டாவது தண்ணீர். அது தெருவிலேயே இருக்க வேண்டும்; தெருக்காரர்களுக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்; இருட்டிலும் எடுக்கும்படி இருக்க வேண்டும்.

இது ஏதோ சிற்றூர்க் கடைத்தெருவுக்கு மட்டும் உள்ள சங்கடம் என்று நினைத்துவிட வேண்டாம். 1985-ம் ஆண்டு மே மாதம் சென்னை மூர் மார்க்கெட் எரிந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்கத்தாவில் நந்தராம் மார்க்கெட் 2008 ஜனவரியிலும், மொத்த வியாபாரம் நடந்த பாக்ரி மார்க்கெட் 2018 செப்டம்பரிலும் நாட்கணக்கில் எரிந்தன. நெருக்கமான கட்டடம், குறுகிய சந்து, அடுக்கி வைத்த சரக்கு: எல்லாம் நம் தெருவைப் போலத்தான். 1666-ம் ஆண்டு லண்டன் மாநகரை எரித்த தீயும் ஒரு ரொட்டிக் கடையில்தான் தொடங்கியது. ஆற்றுத் தண்ணீரை ஊருக்கு ஏற்றித் தந்த லண்டன் பாலத்துச் சக்கரங்களே அதில் எரிந்து போயின. தண்ணீர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தும் எடுக்க வழியில்லாமல் போயிற்று.

எந்தத் தண்ணீர் உதவும்?

பலர், "எங்களிடம் போர் இருக்கிறது, பயமில்லை" என்கிறார்கள். வீட்டு போர் மோட்டார் 1,000 லிட்டர் தொட்டியை நிரப்ப எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தீயணைப்புக் குழாய் ஒன்று அந்த ஆயிரத்தை இரண்டரை நிமிடத்தில் குடித்துவிடும். அதோடு, தீப்பிடித்த இடத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்கள், துண்டிக்கத்தான் வேண்டும். பிறகு மோட்டார் எப்படி ஓடும்? போர் தொட்டியை நிரப்பி வைக்க உதவும். தீயின் நேரத்தில் அதை நம்ப முடியாது.

கிணறு நல்லதுதான். ஆனால் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். வண்டியில் உள்ள பம்பு எவ்வளவு சக்தி வாய்ந்ததாக இருந்தாலும், சுமார் 25 அடி ஆழத்திற்குக் கீழே உள்ள தண்ணீரை அதனால் உறிஞ்சி எடுக்க முடியாது. உறிஞ்சுதல் என்பது காற்றின் அழுத்தத்தால் நடப்பது. ஏட்டுக் கணக்கில் 34 அடி, நடைமுறையில் 25 அடிதான். ஆகவே உங்கள் கிணற்றில் கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளந்து பாருங்கள். 25 அடிக்கு மேலே நின்றால் அது தீயணைப்புக் கிணறு. கீழே நின்றால் அது தொட்டி நிரப்பும் கிணறு மட்டுமே.

சம்ப் தொட்டிதான் நமக்கு ஏற்றது. இதற்கு மோட்டார் தேவையில்லை; மின்சாரம் தேவையில்லை. மூடியைத் திறந்துவிட்டால் வண்டி தன் உறிஞ்சு குழாயை உள்ளே இறக்கித் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் மூடி இரண்டடிச் சதுரமாவது இருக்க வேண்டும். வண்டி பக்கத்தில் வந்து நிற்கும்படி தெருவை ஒட்டி இருக்க வேண்டும். கிட்டங்கியின் உள்ளறையில் என்னுடையது போல் இருந்தால், இருந்தும் இல்லாததுதான். அளவு தெரியாதவர்கள் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, அதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும்.

"தொட்டித் தண்ணீரைத் தினமும் செலவழிக்கிறோமே, தீப்பிடிக்கும் நாளில் அது காலியாக இருந்தால்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அன்றாடத் தண்ணீர் எடுக்கும் மோட்டாரின் ஃபுட் வால்வை அடியில் விடாமல் தொட்டியின் பாதி உயரத்தில் நிறுத்திவிடுங்கள். பாதிக்குக் கீழே உள்ள தண்ணீரை மோட்டாரால் எடுக்க முடியாது. அந்தப் பாதி எப்போதும் இருப்பில் கிடக்கும். செலவு ஒரு பிளம்பரின் அரை நாள் கூலி.

மாடித் தொட்டி வைத்திருப்பவர்கள் கீழே தெருவோரம் ஒரு வால்வும் இணைப்பும் வைத்தால், வண்டியின் தொட்டியை அதிலிருந்து நிரப்பலாம். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 1904-ம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் தொடங்கிய தீ 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. பக்கத்து நகரங்களிலிருந்து வண்டிகள் ரயிலேறி உதவிக்கு வந்தன. ஆனால் அவற்றில் பலவற்றின் குழாய் இணைப்பு அந்த ஊர்த் தண்ணீர்க் குழாயில் பொருந்தவில்லை. ஆள் இருந்தும், குழாய் இருந்தும், தண்ணீர் இருந்தும் இணைப்புப் பொருந்தாமல் நின்றார்கள். நம் நாட்டு வண்டிகளில் 63 மில்லிமீட்டர் இணைப்புதான் வழக்கம். என்றாலும் வாங்கும் முன் நிலையத்தில் காட்டிப் பொருத்திப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் லாரி வைத்திருப்பவர்களின் தொலைபேசி எண்ணும் நம்மிடம் இருக்க வேண்டும். 12,000 லிட்டர் லாரி ஒன்று இரண்டு குழாய்க்குப் பதினைந்து நிமிடம் தாங்கும். ஆனால் லாரி உள்ளே வர ஒரு வழியும், காலியானது வெளியே போக வேறொரு வழியும் வேண்டும். ஒரே சந்தில் இரண்டும் எதிரெதிரே நின்றுவிட்டால் தண்ணீர் லாரியே தடையாகிவிடும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். எண்ணெய்க் கடைத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் எண்ணெய் தண்ணீரின் மேல் மிதந்து தெருவெல்லாம் பரவும். மின்சாரம் ஓடும் இடத்திலும் ஊற்றக் கூடாது. எந்தக் கடையில் என்ன சரக்கு என்பதை வந்தவுடன் வீரர்களிடம் சொல்வது நம் வேலை. எதை எதனால் அணைப்பது என்பது அவர்கள் வேலை.

வரி கட்டுகிறோமே?

"சொத்து வரி கட்டுகிறோம், தொழில் வரி கட்டுகிறோம், லைசென்ஸ் கட்டணம் கட்டுகிறோம். தண்ணீருக்கும் நாமே ஏற்பாடு செய்ய வேண்டுமா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கடைத்தெருக்களில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் வைக்க வேண்டும் என்று நாம் கேட்கத்தான் வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். ஆனால் பல ஊர்களில் குடிதண்ணீரே முறை வைத்து, சில மணி நேரம்தான் வருகிறது. தண்ணீர் வராத நேரத்தில் தெருவில் குழாய் நின்று என்ன பயன்? உரிமையைக் கேட்பது ஒரு பக்கம் நடக்கட்டும். அது கிடைக்கும் வரை தீ காத்திருக்காது.

"இன்சூரன்ஸ் இருக்கிறது" என்பார்கள் வேறு சிலர். பிரீமியம் குறைய வேண்டும் என்று 20 லட்ச ரூபாய்ச் சரக்கை 10 லட்சத்திற்குக் காப்பீடு செய்தவர், 4 லட்சம் நஷ்டமானால் முழுதும் கிடைக்கும் என்று நம்பியிருப்பார். பாதிதான் கிடைக்கும், பாலிசியின் நிபந்தனை அப்படி. முழுத்தொகை கிடைத்தாலும் வேறு கடைக்குப் போய்ப் பழகிவிட்ட வாடிக்கையாளரை எந்தக் கம்பெனி திருப்பிக் கொடுக்கும்?

சங்கத்தின் முன் என் வேண்டுகோள்

ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஒரு தண்ணீர்ப் பேரேடு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தெரு வாரியாகக் கதவு எண், தொட்டியா கிணறா, எத்தனை லிட்டர், மூடி எங்கே இருக்கிறது, இரவில் சாவி யாரிடம், அவருடைய தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி தீயணைப்பு நிலையத்தில், ஒன்று இரவுக் காவலரிடம். ஆண்டுக்கு இரண்டு முறை, கோடைக்கு முன்பும் தீபாவளிச் சரக்கு இறங்குமுன்பும், அதைச் சரிபார்க்க வேண்டும்.

தொட்டி உள்ள கடையின் சுவரில், "தீயணைப்புத் தண்ணீர் – இத்தனை லிட்டர்" என்று சிவப்பு மையில் எழுதி, மூடி இருக்கும் திசைக்கு அம்புக்குறி போட வேண்டும். தொட்டி இல்லாத தெருவில் பத்துக் கடைக்காரர் பங்கு போட்டுத் தெருவோரம் பொதுத்தொட்டி ஒன்று கட்டலாம். திருவிழாவுக்குப் பந்தல் போடப் பங்கு பிரிக்கும் நமக்கு இது பெரிய காரியமல்ல.

வண்டி வர வழியும் வேண்டும். கடைக்கு முன்னால் நீட்டிய தார்ப்பாய்க் கம்பு, இரவில் நிறுத்தி வைக்கும் தட்டுவண்டி, இறக்காத லாரி: இவை எல்லாம் நாம் வைத்தவைதான். தெருவின் நடுவே பன்னிரண்டடி அகலம் இரவிலும் திறந்து கிடக்க வேண்டும்.

எழுதி வைத்தது போதாது. எடுத்துப் பார்க்கவும் வேண்டும். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் நாடெங்கும் நடக்கிறது. 1944-ம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பருத்திப் பொதிகளும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற கப்பலில் தீப்பிடித்து, அதை அணைக்கப் போய் உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக அனுசரிக்கப்படும் வாரம் அது. அந்த வாரத்தில் மாலை போட்டுப் படம் எடுப்பதோடு நிற்காமல், நிலையத்தாரை அழைத்து நம் தெருத் தொட்டியில் உறிஞ்சு குழாயை இறக்கித் தண்ணீர் எடுத்துப் பார்க்கச் சொல்வோம். எந்த மூடி திறக்கவில்லை, எந்தக் கிணறு எட்டவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். எங்கள் தெருவில் முதல் முறை பார்த்தபோது ஏழு தொட்டிகளில் மூன்றின் மூடி துருப்பிடித்துத் திறக்கவே இல்லை.

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டாதே என்பார்கள் பெரியவர்கள். நாங்கள் வெட்டாமலே இருந்த கிணற்றை மூடை போட்டு மறைத்து வைத்திருந்தோம்.

இப்போது என் கிட்டங்கியில் தெருவோரமாக இன்னொரு மூடி வெட்டி வைத்திருக்கிறேன். அதைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. சீசன் நேரத்தில் இடம் போதாமல் கூலியாட்கள், "அண்ணாச்சி, ஒரு பத்து மூடை மட்டும் இதன்மேல் போட்டுக்கொள்ளவா?" என்று கேட்பார்கள். வாடகைக்கு வேறு இடம் பிடித்தாவது அங்கே போடச் சொல்வேன். ஒரு மூடைகூட இங்கே வைக்க விடுவதில்லை.

இதைப் படிக்கும் நண்பர்கள் இன்று இரவு கடையை அடைக்கும் முன் ஒரு காரியம் செய்தால் போதும். உங்கள் தொட்டி மூடியின் மேல் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இருந்தால் எடுத்து வையுங்கள். பிறகு பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லுங்கள். 101 அல்லது 112 என்று அழைத்தால் வண்டி வந்துவிடும். வந்தவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் நம்மிடம் இருக்க வேண்டும்.